பெயர் சொல்லாத குற்றச்சாட்டுக்கு எப்படிப் பதில் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

கியூபாவில் அமெரிக்க இராணுவம் நடத்தும் குவாண்டனாமோ தடுப்பு முகாம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், அங்கிருந்த கைதிகளை ‘எதிரிப் போராளிகள்’ என்று உறுதிசெய்த இராணுவ நியாய மன்று பற்றி இரண்டே வரிதான் இருந்தது. அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு ஹட்டன், மஸ்கெலியா, பதுளைப் பக்கமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழ் முழுவதையும் ஒதுக்குகிறோம். கடைசிக் கடிதம் குவாண்டனாமோ பற்றியதல்ல. ஆனால் அதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும் விடக் கவனமாகப் பதில் எழுதியிருக்கிறோம்.

நியாய மன்று என்றால் எங்களுக்குத் தெரிந்தது தொழில் நியாய மன்றுதான். வேலையை விட்டு நிறுத்தினால் அங்கே வழக்குப் போடுவோம். குவாண்டனாமோவில் இருந்ததும் அப்படி ஒன்றா?
– வாசகர், ஹட்டன்

பெயர்தான் ஒன்று. தொழில் நியாய மன்றில் தோட்ட நிர்வாகம் ஒரு தரப்பு, தொழிலாளி மறுதரப்பு. நடுவில் இருப்பவர் இருவரிடமும் சம்பளம் வாங்குபவர் அல்லர். ‘ஆமாம், நிறுத்தினோம்’ என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டுவிட்டால், ஏன் நிறுத்தினோம் என்பதை நிரூபிக்கும் சுமை நிர்வாகத்தின் தலையில் விழும். குவாண்டனாமோவில் நடந்தது இதைவிடத் தோட்டக் காரியாலயத்தில் நடக்கும் உள்ளக விசாரணைக்குத்தான் கிட்ட நிற்கிறது. குற்றம் சாட்டியவர், விசாரிப்பவர், முடிவை அங்கீகரிப்பவர் எல்லாரும் ஒரே நிர்வாகத்துக்குள் இருப்பவர்கள்.

அது பிறந்த கதை இது. முதல் 20 கைதிகள் குவாண்டனாமோவில் இறக்கப்பட்டது 2002 ஜனவரி 11இல். இரண்டரை வருடம் எந்த விசாரணையும் கிடையாது. 2004 ஜூன் 28இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகளைக் கொடுத்தது. குவாண்டனாமோக் கைதிகள் அமெரிக்க நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு மனு (தடுத்துவைத்தது சட்டப்படி சரியா என்று பார்க்கச் சொல்லும் மனு) போடலாம் என்றது ரசூல் வழக்கு. எதிரிப் போராளி என்று பிடிக்கப்பட்ட அமெரிக்கப் பிரஜைக்கு, எதற்காகப் பிடித்தோம் என்று சொல்லி, அதை மறுக்க நடுநிலையான ஒருவர் முன்னால் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றது ஹம்டி வழக்கு. முறையாக அமைத்த இராணுவ நியாய மன்றுகூட அதற்குப் போதும் என்று அதே தீர்ப்பில் ஒரு வழி திறந்திருந்தது. அந்த வழியைத்தான் பாதுகாப்புத் திணைக்களம் பிடித்துக்கொண்டது. 9 நாள் கழித்து, ஜூலை 7இல், பிரதிப் பாதுகாப்புச் செயலாளர் போல் வுல்ஃபோவிட்ஸ் ‘போராளி நிலை மீளாய்வு நியாய மன்று’களை அமைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். ஜூலை 29இல் கடற்படைச் செயலாளர் கோர்டன் இங்கிலண்ட் நடைமுறை விதிகளை வெளியிட்டார்.

அந்த ஜூலை 7 உத்தரவின் ஆரம்பத்திலேயே ஒரு வாசகம் உண்டு: இந்தக் கைதிகள் ஒவ்வொருவரும் பல மட்டங்களில் பரிசீலிக்கப்பட்டு, ஏற்கெனவே எதிரிப் போராளிகள் என்று தீர்மானிக்கப்பட்டவர்கள் என்று. விசாரிக்கப்போகும் அதிகாரிகளின் கையில், மேலதிகாரி முடிவை முதலிலேயே எழுதிக் கொடுத்த மாதிரி.

போயர் யுத்தக் கைதிகளை இங்கே தியத்தலாவையில் வைத்திருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்கள் போர்க் கைதிகள் என்றால், குவாண்டனாமோவில் இருந்தவர்கள் ஏன் போர்க் கைதிகள் இல்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

தென்னாபிரிக்காவில் தங்களோடு சண்டையிட்டுப் பிடிபட்டு, கப்பலில் கொண்டுவரப்பட்ட சுமார் 5,000 போயர்களை (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினரை) ஆங்கிலேயர் 1900இலிருந்து தியத்தலாவை முகாமில் வைத்திருந்தார்கள். அவர்கள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. யுத்தம் முடிந்ததும் 1902இல் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். போர்க் கைதி என்ற நிலையின் சாரமே அதுதான்: யுத்தம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம், யுத்தத்தில் சண்டை பிடித்தது மட்டும் குற்றம் ஆகாது.

பிடிபட்டவர் போர் வீரரா, இல்லையா என்ற சந்தேகம் வந்தால் என்ன செய்வது? 1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை அதற்குப் பதில் சொல்கிறது. தகுதியுள்ள ஒரு நியாய மன்று முடிவு செய்யும்வரை அவரைப் போர்க் கைதியாகவே நடத்த வேண்டும். அமெரிக்க இராணுவத்துக்கு இது புதிதும் அல்ல. 1991 வளைகுடா யுத்தத்தில் அவர்களே 1,196 பேருக்கு இப்படி விசாரணை நடத்தினார்கள். 310 பேரைப் போர்க் கைதிகள் என்று முடிவுசெய்தார்கள். மீதி 886 பேர் யுத்தத்தில் அகப்பட்டுக்கொண்ட சாதாரண பொதுமக்கள். இப்படி விசாரிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கு!

அந்த விசாரணைகள் களத்துக்குப் பக்கத்தில், பிடித்த கையோடு நடந்தவை. பிடித்த சிப்பாய் அங்கேயே இருப்பார், பக்கத்து ஊர்க்காரரைக் கூப்பிடலாம். குவாண்டனாமோ விஷயத்தில் இந்தப் படியே தாண்டப்பட்டது. தலிபான், அல்-கைதா கைதிகள் யாருமே போர்க் கைதிகள் அல்லர் என்று ஜனாதிபதி புஷ் 2002 பெப்ரவரி 7இல் மொத்தமாக முடிவு செய்தார். சந்தேகமே இல்லை என்று சொல்லிவிட்டால் 5ஆம் உறுப்புரைக்கு வேலையில்லை. பிறகு 2004இல் மன்று கூடியபோது, பலர் பிடிபட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. சிலரைப் பிடித்தது அமெரிக்க இராணுவமே அல்ல. பாகிஸ்தானில் பிடித்துக் கையளிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள், பணப் பரிசு அறிவித்த துண்டுப் பிரசுரங்களுக்குப் பிறகு ஒப்படைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள், பொஸ்னியாவின் சரஜேவோ நகரில் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். களத்தில் யார் கண்ணால் கண்டார் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாமல் போனது.

அந்த விசாரணை அறையில் என்ன நடக்கும் என்று ஒழுங்காக, படிப்படியாகச் சொல்ல முடியுமா? அரசியல் விஞ்ஞான வகுப்பில் விவாதத்துக்கு வேண்டும்.
– உயர்தர மாணவி, தலவாக்கலை

முதலில் ஆட்கள். மன்றில் மூன்று இராணுவ அதிகாரிகள் இருப்பார்கள். தலைமை தாங்குபவர் கேர்ணல் தரத்தில் (கடற்படையானால் கப்டன்) இருக்க வேண்டும். ஒருவர் இராணுவச் சட்ட அதிகாரி. கைதியைப் பிடித்ததிலோ விசாரித்ததிலோ சம்பந்தப்பட்டவர்களாக இருக்கக்கூடாது. ‘பதிவாளர்’ என்று ஒருவர் உண்டு. பெயரைப் பார்த்து எழுதுவினைஞர் என்று நினைத்துவிடாதீர்கள், அரச தரப்பு ஆதாரங்களைத் திரட்டி மன்றின் முன் வைப்பவர் அவர்தான். கைதிக்கு உதவ ‘தனிப்பட்ட பிரதிநிதி’ என்று இன்னொரு அதிகாரி. இவர்களுக்கு மேல் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

விசாரணைக்கு முன்னால் பிரதிநிதி கைதியைச் சந்தித்து, இரகசியமல்லாத ஆதாரங்களின் சுருக்கத்தை மொழிபெயர்ப்பாளர் மூலம் வாசித்துக் காட்டுவார். ஒரு தாள், இரண்டு தாள். ‘இன்ன அமைப்போடு தொடர்பு’, ‘இன்ன விடுதியில் தங்கியிருந்தார்’ என்ற அளவில் இருக்கும். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பது பெரும்பாலும் இருக்காது. வருவதா, வேண்டாமா என்று கைதி தீர்மானிக்கலாம். வராவிட்டாலும் விசாரணை நடக்கும். சட்டத்தரணி கிடையாது. ‘நியாயமான அளவில் கிடைக்கக்கூடிய’ சாட்சிகளைக் கேட்கலாம், ஆனால் கிடைக்குமா என்று தீர்மானிப்பது மன்று.

அன்றைய தினம் கை கால் விலங்கோடு கைதி கொண்டுவரப்பட்டு உட்காரவைக்கப்படுவார். சுருக்கத்தைப் பதிவாளர் வாசிப்பார். கைதி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லலாம், மன்று அவரிடம் கேள்வி கேட்கும். இது முடிந்ததும் அவரை வெளியே கொண்டுபோய்விடுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இரகசிய ஆவணங்கள் பரிசீலிக்கப்படும். உண்மையான தீர்மானம் தங்கியிருப்பது பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதியில்தான். முதல் பாதியில் கைதி சொன்ன பதில், அவர் கண்ணில் காட்டப்படாத காகிதத்துக்கு எதிராக நிறுக்கப்படும்.

நிறுவைக்கு வருவோம், முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. தேவைப்பட்டது ‘நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்’ என்ற குற்றவியல் அளவு அல்ல. எந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறது என்ற அளவே போதும். அத்தோடு, அரசு வைக்கும் ஆதாரம் உண்மையானது, சரியானது என்ற அனுமானத்தோடுதான் மன்று தொடங்கும். மறுக்க வேண்டியது கைதி. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோவை முதலே கழித்துவிட்டு முள்ளைப் பார்ப்பது உங்கள் வீட்டில் தெரிந்த விஷயமாக இருக்கும். இங்கே கழித்ததற்கான காரணத்தையும் காட்டமாட்டார்கள். கழித்ததைப் பிழை என்று நிறுவவும் வேண்டும்.

நடந்த ஒரு உதாரணம் சொல்கிறோம். சரஜேவோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவரிடம், அல்-கைதா உறுப்பினர் ஒருவரோடு உங்களுக்குப் பழக்கம் இருந்தது என்று வாசிக்கப்பட்டது. அவர் பெயர் என்ன என்று கைதி கேட்டார். மன்றுக்குத் தெரியவில்லை. பெயரைச் சொன்னால்தானே பழகினேனா இல்லையா என்று சொல்லமுடியும் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அறையில் சிரிப்பு எழுந்ததாகப் பதிவில் இருக்கிறது. 2005 ஜனவரி 31இல் அமெரிக்க நீதிபதி ஜொய்ஸ் ஹென்ஸ் கிரீன், இந்த நடைமுறை நீதிக்குப் போதாது என்று தீர்ப்பளித்தபோது அந்த உரையாடலையே எடுத்துக்காட்டினார். வகுப்பில் வேறெதையும் சொல்ல நேரமில்லாவிட்டால் இதை மட்டும் சொல்லுங்கள்.

மூவரில் பெரும்பான்மை முடிவு. பிறகு ஒரு சட்ட ஆலோசகர் கோப்பைப் பார்ப்பார். கடைசியில் நடவடிக்கைக்குப் பொறுப்பான கடற்படை றியர் அட்மிரல் அதை அங்கீகரிக்கலாம், திருப்பியும் அனுப்பலாம்.

பிரதிநிதி கொடுத்தார்கள்தானே? எங்கள் தோட்டத்தில் விசாரணை என்றால் தலைவர் கூட வருவார். அவரும் வக்கீல் இல்லை, ஆனால் பேசுவார். அந்த மாதிரி இல்லையா?
– தொழிற்சங்கத் தோட்டத் தலைவர், மஸ்கெலியா

தலைவரே, இரண்டு வித்தியாசம். நீங்கள் தொழிலாளியின் ஆள். அவர் உங்களிடம் தனியாகச் சொன்னதை நீங்கள் துரையிடம் போய்ச் சொல்லமாட்டீர்கள். குவாண்டனாமோவில் பிரதிநிதி கைதியின் ஆள் அல்லர். ‘நான் உங்கள் சட்டத்தரணி அல்ல, நீங்கள் சொல்வது எதுவும் இரகசியம் அல்ல’ என்று முதல் சந்திப்பிலேயே அவர் அறிவிக்க வேண்டும், விதியே அதுதான். கைதி சொன்னதில் பாதகமானது இருந்தால் மன்றிடம் அதைச் சொல்லவும் அவர் கடமைப்பட்டவர். சட்டம் படித்த அதிகாரியை இந்த வேலைக்குப் போடக்கூடாது என்றும் விதி இருந்தது.

மற்றது நேரம். இந்த விசாரணைப் பதிவுகளை 2006இல் ஆராய்ந்த சீட்டன் ஹோல் சட்டக் கல்லூரிக் குழு கண்டது: பெரும்பாலான கைதிகள் தங்கள் பிரதிநிதியைச் சந்தித்தது ஒரே ஒரு தடவை, ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகாமல். மொழிபெயர்ப்புக்குப் போன நேரமும் அதற்குள் அடக்கம். ஒரு நாள் சம்பளத்தை வெட்டிய விசாரணைக்குக்கூட நீங்கள் அதைவிடக் கூடுதல் நேரம் உட்கார்ந்து கதை கேட்டிருப்பீர்கள்.

558 பேரை விசாரித்து 38 பேரைத்தான் எதிரிப் போராளி இல்லை என்றார்களாம். அப்படியானால் 520 பேர் உண்மையில் பயங்கரவாதிகள்தானே?
– வாசகர், பதுளை

எண்கள் சரி. 2005 மார்ச்சில் வெளியான கணக்கு அதுதான். அந்த 38 பேரைக்கூட ‘பிழையாகப் பிடித்தோம்’ என்று சொல்லவில்லை. ‘இனிமேல் எதிரிப் போராளிகள் அல்லர்’ என்று எழுதினார்கள். முன்பு செய்தது சரிதான் என்று காட்டும் சொல்லாட்சி.

520 என்ற எண்ணிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு சரியாக வராது. முதலாவது, வரைவிலக்கணம். தலிபானின் அல்லது அல்-கைதாவின் பகுதியாக இருந்தவர் மட்டுமல்ல, அவற்றுக்கோ அவற்றோடு சேர்ந்த படைகளுக்கோ ‘ஆதரவாக’ இருந்தவரும் அதற்குள் வருவார். எது ஆதரவு, தெரிந்து கொடுத்ததா தெரியாமல் கொடுத்ததா என்ற கோடு அதில் இல்லை. அநாதைகளுக்கு உதவும் தொண்டு நிறுவனம் என்று நம்பி சுவிற்சர்லாந்தில் ஒரு வயதான பெண் பணம் அனுப்பினார், அந்தப் பணம் அல்-கைதாவுக்குப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம், அவரைப் பிடிக்கலாமா என்று நீதிபதி கிரீன் கேட்டார். பிடிக்கலாம் என்பதுதான் அரச தரப்பின் பதில்.

இரண்டாவது, சாட்சி. சீட்டன் ஹோல் குழு பார்த்த பதிவுகளில் அரசு ஒரு சாட்சியையாவது அழைத்த விசாரணை ஒன்றுகூட இல்லை. எல்லாம் காகிதம். கைதிகள் கேட்ட வெளிச் சாட்சிகளில் ஒருவரும் வரவில்லை. முகாமுக்குள்ளேயே இருந்த மற்றக் கைதிகள் மட்டும் சில நேரம் அனுமதிக்கப்பட்டார்கள். ஆப்கானியக் கைதி ஒருவர் கேட்ட சாட்சிகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லப்பட்டது. 2006இல் பிரித்தானியப் பத்திரிகை ஒன்றின் செய்தியாளர் மூன்று நாளில் அவர்களைத் தேடிப்பிடித்தார். ஒருவர் இறந்துவிட்டிருந்தார். இன்னொருவர், ஆப்கானிஸ்தானின் முன்னாள் உள்துறை அமைச்சர், வொஷிங்டனில் அமெரிக்க இராணுவத்தின் பல்கலைக்கழகத்திலேயே படிப்பித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, உள்ளே இருந்தவரின் வாக்குமூலம். ஸ்டீபன் ஏப்ரஹாம் என்ற லெப்டினன்ட் கேர்ணல், தொழிலால் சட்டத்தரணி, இந்த மன்றுகளுக்கான தகவல் திரட்டும் வேலையில் இருந்தவர். ஒரு மன்றில் உறுப்பினராகவும் உட்கார்ந்தார். வந்த தகவல்கள் பொதுப்படையானவை, மூலம் தெரியாதவை என்றும், சாதகமான ஆதாரம் எல்லாம் தரப்பட்டுவிட்டது என்ற உறுதிமொழியைக்கூட வாங்கமுடியவில்லை என்றும் 2007 ஜூனில் சத்தியக் கடதாசி கொடுத்தார். அவர் உட்கார்ந்த மன்று அந்தக் கைதி எதிரிப் போராளி அல்லர் என்று ஒருமனதாக முடிவெடுத்தது. உடனே எங்கே பிழை நடந்தது என்ற கேள்வி மேலிருந்து வந்தது. மறுபடி எந்த மன்றிலும் அவரைப் போடவில்லை. அந்தக் கைதிக்கு இன்னொரு மன்று கூட்டி, எதிரிப் போராளி என்று எழுதிக்கொண்டார்கள். சாதகமான முடிவு வந்தால் திரும்பக் கூட்டலாம், பாதகமான முடிவு வந்தால் அதோடு சரி. இப்படி ஒரு கதவு திறந்திருக்கும் இடத்தில் எண்ணிக்கையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

கடைசியில் நீதிமன்றங்கள் என்ன சொன்னன? இப்போதும் அந்த மன்று இருக்கிறதா?
– வாசகி, கண்டி

2005 கடைசியில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்து ஆட்கொணர்வு மனுவை மூடிவிட்டு, பதிலுக்கு வொஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு குறுகிய மீளாய்வைக் கொடுத்தது. மன்று தன் விதிகளைப் பின்பற்றியதா என்று பார்க்கலாம். விசாரணைக்குப் பிறகு கிடைத்த புதிய ஆதாரத்தை அங்கே வைக்க முடியாது. 2008 ஜூன் 12இல் பூமெதியன் வழக்கில் உயர் நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அது ஆட்கொணர்வு மனுவுக்கு ஈடாகாது என்று தீர்த்தது. கைதியால் தனக்குச் சாதகமான ஆதாரத்தைத் தேடி முன்வைக்க முடியாததை நீதிபதி கென்னடி முக்கிய குறையாக எழுதினார். 8 நாள் கழித்து, சீனாவின் உய்குர் இனத்தவரான பர்ஹாத்தின் வழக்கில், மன்றின் முடிவு ஒன்று முதல் தடவையாகத் தள்ளப்பட்டது. ஒரே கூற்று பல ஆவணங்களில் திரும்ப வருவதால் அது உண்மையாகிவிடாது என்றது நீதிமன்றம்.

அந்த மன்றுகள் இன்று இல்லை. 2011இல் ஜனாதிபதி ஒபாமாவின் கட்டளைப்படி, 6 அரச நிறுவனங்களின் பிரதிநிதிகள் கொண்ட காலமுறை மீளாய்வுச் சபை வந்தது. இது கேட்பது ‘அன்று யார்’ என்பதை அல்ல, ‘இன்றும் ஆபத்தானவரா’ என்பதை. சொந்தச் செலவில் சட்டத்தரணி வைக்கலாம். இராணுவ ஆணைக்குழு என்று பத்திரிகைகளில் வருவது முற்றிலும் வேறு. அது குற்றம் சுமத்தி வழக்கு நடத்தித் தண்டனை கொடுக்கும் இடம். மொத்தம் சுமார் 780 பேர் அடைக்கப்பட்ட முகாமில் 2025 ஜனவரியில் 15 பேர் மீதமிருந்தார்கள்.

நம் நாட்டில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களுக்கு இப்படி ஒரு மீளாய்வாவது இருக்கிறதா?
– வாசகர், நுவரெலியா

காகிதத்தில் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், மூன்று வருடத்துக்கென்று வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. 13ஆம் பிரிவு மூன்று பேருக்குக் குறையாத ஆலோசனைச் சபை ஒன்றைச் சொல்கிறது. ஜனாதிபதி நியமிப்பார். தடுப்புக் காவலில் இருப்பவர் அதற்கு முறையிடலாம். ஆனால் அது அமைச்சருக்கு ஆலோசனைதான் சொல்லும், விடுதலை செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை. தடுப்பு உத்தரவு போட்டவரும் அமைச்சர், ஆலோசனையைக் கேட்பவரும் அமைச்சர். அப்படியொரு சபை இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது.

அமைச்சரின் தடுப்பு உத்தரவு 3 மாதத்துக்கு ஒன்றாக நீட்டப்படும். முன்பு உச்ச எல்லை 18 மாதம், 2022 திருத்தத்துக்குப் பின் 12 மாதம். அதே திருத்தம், உத்தரவை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்றிருந்த 10ஆம் பிரிவையும் மாற்றியது. கைதாகி 12 மாதமாகியும் வழக்கு விசாரணை தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம். மாறாதது 16ஆம் பிரிவு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாக ஏற்கப்படும். பலவந்தத்தால் கொடுத்தது என்று நிரூபிக்க வேண்டியது கைதி. குவாண்டனாமோ மன்றின் அனுமானமும் இதுவும் ஒரே குணம் கொண்டவை: சுமை, சுமக்கச் சக்தியே இல்லாதவர் மேல். சிங்கராசா வழக்கில் தமிழ் மட்டும் தெரிந்தவரின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, கைநாட்டு வாங்கப்பட்டு, அதை மட்டும் வைத்து 50 வருடத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. சுமையைக் கைதி மேல் போட்டது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் வழக்கை மீண்டும் பார்க்க மறுத்தது.

தண்டனை பெறாமலே அடைக்கப்பட்டவர்களுக்கு என்ன நேரலாம் என்பதற்கு மலையகத்தில் வெளியூர் உதாரணம் தேவையில்லை. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25 காலையில், காவலுக்குப் பொலிஸார் நிற்கும்போதே கும்பல் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. 2005இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு குற்றம் சாட்டப்பட்ட எல்லாருமே விடுதலையாகியிருந்தார்கள்.

மகன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறான். நாளைக்கு அவனை யாராவது விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனால் லயத்தில் இருக்கிற நாங்கள் என்ன செய்வது? யாரிடம் போவது?
– ஒரு தாய், பொகவந்தலாவை

அம்மா, முதல் வேலை எழுதுவது. ஒரு அப்பியாசக் கொப்பி போதும். எத்தனை மணி, எந்த இடம், எத்தனை பேர், சீருடையா சாதாரண உடையா, வாகன இலக்கம், எந்தப் பிரிவு என்று சொன்னார்கள், கூட நின்றவர் யார். பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவா, குற்றப் புலனாய்வுத் திணைக்களமா, உள்ளூர்ப் பொலிஸா என்பது தெரிந்தால் தேடும் வேலை பாதியாகும். கடை முதலாளியிடமும் கூட வேலை செய்யும் பிள்ளைகளிடமும் அன்றைக்கே கேளுங்கள். ஒரு கிழமை போனால் அவர்களுக்குப் பயம் வந்துவிடும், ஞாபகமும் குழம்பும்.

அடுத்தது மனித உரிமைகள் ஆணைக்குழு. அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. பிராந்திய அலுவலகம் கண்டியிலும் பதுளையிலும் உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும், அதனால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவர்களால் கேட்க முடியும். முறைப்பாட்டில் பெயரை ஒரு மாதிரி மட்டும் கொடுக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, தோட்டச் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) இன்னொன்று என்று நம் பிள்ளைகளுக்கு இருக்கும். எல்லாவற்றையும் எழுதுங்கள், அடையாள அட்டை இலக்கத்தோடு. ‘அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை’ என்ற பதில் வெறும் எழுத்துப் பிழையாலும் வரும்.

தடுப்பு உத்தரவு இல்லாவிட்டால் 72 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். உத்தரவு இருந்தால் அதன் பிரதியைக் கேளுங்கள். எந்தத் திகதியிலிருந்து, எந்த இடத்தில் என்பது அதில் இருக்கும். நீதவான் தடுப்பு இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது 2022 திருத்தத்தில் வந்தது. அடித்த காயம் இருந்தால் மகன் அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு அவர் அனுப்பலாம். முதல் தடவை பார்க்கப் போகும்போதே மகனிடம் இதைச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். மருந்து குடிப்பவரானால் மருந்துத் துண்டின் பிரதியை எடுத்துப் போங்கள்.

எங்கே என்றே தெரியாவிட்டால் ஆட்கொணர்வு மனு. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடலாம், அல்லது தடுத்துவைத்த மாகாணத்தின் மேல் நீதிமன்றத்தில். இதற்குக் கால எல்லை இல்லை. ஆனால் பொலிஸ் தடுப்பு உத்தரவைக் காட்டிவிட்டால் அந்த மனு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அப்போது பிடித்த காரணத்தையே கேள்வி கேட்க, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட வேண்டும். அதற்கு ஒரே மாதம்தான்.

இந்த ஒரு மாதத்தில்தான் அதிகமானவர்கள் தவறவிடுகிறார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு மாதத்துக்குள் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம்பி வீட்டில் இருந்துவிடுகிறார்கள். முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு நீதிமன்றம் ஆதாரம் கேட்கும். ஆணைக்குழுவிடமிருந்து அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. முடிந்தால் ஆணைக்குழுவை நம்பாமல் மாதத்துக்குள்ளேயே மனுவைப் போடுவதுதான் பாதுகாப்பு. வக்கீலுக்குப் பணம் இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள். வருமானம் பார்ப்பார்கள், ஆகவே சம்பளத் துண்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். தபாலில் அனுப்பும் எதையும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை அந்தக் கொப்பியிலேயே ஒட்டி வையுங்கள்.